ஒற்றை நத்தையும் ஒரு மேற்படியும்

வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். உங்கள் தலைவர் விடவில்லை. கடல் ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது உருப்படியாகச் சொல்லுங்கள் என்கிறார். நான் ஜெயித்த கதைகளை என் பிரிவுபசாரக் கூட்டத்திலேயே மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் பாதி பொய். நான் மறுக்கவில்லை, மாலை கழுத்தில் இருந்தது. என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு குழப்பம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது தீரவில்லை. அதைச் சொல்கிறேன், பிடித்தால் கேளுங்கள்.

யுத்தத்துக்கு முந்தைய திருவனந்தபுரம். கடல் உயிர்களை மக்களுக்குக் காட்ட ஊருக்குள் ஒரு காட்சிசாலை இருந்தது. முன்பக்கம் கண்ணாடித் தொட்டிகள், பின்பக்கம் ஆய்வுக்கூடம் என்று பெயர் வைத்த இரண்டு அறைகள். நான் நாகர்கோவில்காரன். படிப்பை முடித்த கையோடு அங்கே உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். எனக்கு மேலே சூப்பிரண்டு. கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், நல்லவர், ஆனால் மேலிடத்துக் கடிதம் என்றால் பிரிக்கவே தயங்குகிற ஆள். எனக்குக் கீழே லாசர்.

லாசர் குளச்சலில் பிறந்தவர். வலியதுறையில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். ஒருநாள் கரையேறும்போது கட்டுமரம் புரண்டு வலது தோளில் விழுந்தது. அதன்பிறகு அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. வலை வீச முடியாது, துடுப்புப் போட முடியாது. காட்சிசாலைக்குக் கடல் தண்ணீர் கொண்டுவரும் வேலை கிடைத்திருக்காவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. மாட்டு வண்டியில் இரண்டு பீப்பாய்களை ஏற்றிச் சங்குமுகம் போய், நிரப்பி, ஊருக்குள் கொண்டுவருவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை நீ என்றேன், அவர் என்னை சாரே என்றார். அந்தக் காலத்தில் அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு விஷயங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கடல் தண்ணீர் எங்களுக்குத் தங்கம். வண்டியில் வருகிற தண்ணீர் அல்லவா? ஒரு சொட்டைக்கூடச் சாக்கடையில் விடக்கூடாது என்பது சூப்பிரண்டின் கட்டளை. தொட்டியில் மாற்றிய தண்ணீர், ஜாடி அலம்பிய தண்ணீர் எல்லாவற்றையும் ஆற்று மணல் நிரப்பிய ஒரு பெரிய தொட்டியில் ஊற்றுவோம். மணலில் வடிந்து குழாய் வழியாகத் திரும்பக் கண்ணாடித் தொட்டிகளுக்கே போகும். இரண்டு, ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் எடுத்த தண்ணீர் என்று ஒரு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதுவது நான். பக்கத்தின் முதல் வரியில் ‘சங்குமுகம்’ என்று எழுதுவேன். அதற்குக் கீழே அடி வரை மேற்படி, மேற்படி, மேற்படி.

சரி, நத்தைக்கு வருகிறேன்.

ஒருநாள் லாசர் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கடல் தண்ணீரும் அதில் ஒரு துண்டுக் கயிறும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். வலியதுறைக்கு எதிரே நங்கூரம் போடுகிற கப்பல் ஒன்றிலிருந்து அறுந்து கரை ஒதுங்கிய கயிறு. அதில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கிடந்தன. நடுவில் விரல் நீளத்தில் ஓர் உயிர் ஊர்ந்துகொண்டிருந்தது. நத்தைதான், ஆனால் ஓடு இல்லை. முதுகு முழுவதும் பஞ்சுத் திரி மாதிரிக் குஞ்சங்கள்.

“இது எந்தக் கடல்லயாக்கும் உள்ளது லாசரே?” என்று கேட்டேன்.

“நம்ம கடல்ல நான் கண்டதே இல்ல சாரே. பதினொண்ணு வயசுல கட்டுமரத்துல ஏறினவன் நான். இது கப்பல்ல வந்த ஆளாக்கும்.”

ஆபீசில் அதை இங்கிலீஷில் ‘ஸ்லக்’ என்றே சொன்னோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு ஜாடியில் தனியாக விட்டேன். என்ன போட்டும் தின்னவில்லை. யோசித்து யோசித்து ஒரு கடல் சாமந்தியைப் போட்டேன். பூ மாதிரி விரிந்து பாறையில் ஒட்டியிருக்குமே, அந்தப் பிராணிதான். இரண்டே நாளில் சாமந்தியைக் காணோம். நத்தையின் குஞ்சங்கள் மட்டும் சாமந்தியின் நிறத்துக்கு மாறியிருந்தன. அடுத்த வாரம் ஜாடியின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு சுருள். இடியாப்பத்தில் ஒரே ஓர் இழையை எடுத்து வட்டமாகச் சுற்றி ஒட்டியது போல இருந்தது.

முட்டை என்று எனக்குப் புரிந்தது. அந்த அளவுக்குப் படித்திருந்தேன். ஆனால் ஜாடியில் இருப்பது ஒன்றே ஒன்று. துணை கிடையாது. சேவல் இல்லாத வீட்டில் கோழி இடுகிற முட்டை போல இது பொரிக்காத முட்டை என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. லென்ஸில் வைத்துப் பார்க்கக்கூட இல்லை. நாலைந்து தடவை சுருள் இட்டது, நாலைந்து தடவையும் ஜாடியை அலம்பினேன். அலம்பிய தண்ணீரைக் கட்டளைப்படியே மணல் தொட்டியில் ஊற்றினேன். சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப்பேர் அதையேதான் செய்திருப்பீர்கள்.

அந்த நாட்களில்தான் ஆறாட்டு வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சுவாமி கடலாடச் சங்குமுகத்துக்கு எழுந்தருளும் நாளில் அந்த வழியில் மாட்டு வண்டியை யார் விடுவார்கள்? லாசர் மணக்காட்டைச் சுற்றி வலியதுறைக்குப் போய், அங்கே பாலத்தின் காலடியிலேயே பீப்பாய்களை நிரப்பிக்கொண்டு வந்தார். கப்பல் சரக்கு இறங்குகிற இரும்புப் பாலம். அதன் கால்களில் இல்லாத அழுக்கு இல்லை. அங்கே தண்ணீர் எடுக்கக்கூடாது என்பது விதி. ஆனால் இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் ஊர்வலம் பார்க்கப் போகிற அவசரத்தில் இருந்தேன். லாசர் பீப்பாயைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றபடி ரிஜிஸ்டரைத் திறந்து ‘மேற்படி’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கிளம்பிவிட்டேன்.

மூன்று மாதம் போனது. அரண்மனை விருந்தாளிகள் சிலர் காட்சிசாலையைப் பார்க்க வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. சூப்பிரண்டுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தினம் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஆபீசுக்கு வந்தார். எங்கள் பெருமையே சாமந்தித் தொட்டிகள்தான். சிவப்பு, பச்சை, பழுப்பு என்று மூன்று தொட்டி நிறைய வைத்திருந்தோம். அவற்றில் ஒன்றில் சாமந்திகள் குறைவதை நான்தான் முதலில் பார்த்தேன். தண்ணீர் சூடேறியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு இரண்டாவது தொட்டி, பிறகு மூன்றாவது. ஒரு கல்லைத் தூக்கித் திருப்பினேன். அடியில் சாமந்தி என்று நான் நினைத்தது நகர்ந்தது.

ஸ்லக். எல்லாத் தொட்டியிலும் ஸ்லக். எதைத் தின்றதோ அதன் நிறத்திலேயே இருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. கல் இடுக்கு, கண்ணாடி மூலை, குழாய் வாய் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சுருள்.

சூப்பிரண்டு வந்து பார்த்தார்.

“ஓய் பிள்ளை, இது என்ன கூத்து? எங்கேர்ந்து வந்தது இதெல்லாம்?”

“தெரியல்ல சார்.”

“உம்ம ஜாடியில ஒண்ணு வச்சிருந்தீரே?”

“அது ஒண்ணே ஒண்ணு சார். தனியாத்தான் இருந்துது. சாகுத வரைக்கும் ஜாடிய விட்டு வெளிய வரல்ல.”

பொய்யில்லை. அப்போது நான் நம்பியதைத்தான் சொன்னேன். ஒற்றை உயிர் எப்படிப் பெருகும்? சூப்பிரண்டுக்கும் அது நியாயமாகவே பட்டது.

“அப்போ தண்ணியிலதான் வந்திருக்கணும். அந்த லாசரைக் கூப்பிடும்.”

லாசர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் எங்கே எடுக்கிறாய் என்று சூப்பிரண்டு கேட்டார்.

“சங்குமுகத்துல சாரே. ஆறாட்டு அண்ணைக்கு மட்டும் வலியதுறைப் பாலத்துக்க அடியில எடுத்தேன். வழி அடைச்சிருந்து. தொட்டி வத்தீரப்பிடாதுல்லா?”

எவ்வளவு வெள்ளந்தியாகச் சொன்னார் என்று இப்போதும் காதில் கேட்கிறது. ஒளிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை அவருக்கு. சூப்பிரண்டு ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஆறாட்டு நாளைத் தேடி விரலை வைத்தார்.

“இங்கே மேற்படின்னுன்னா இருக்கு. மேற்படின்னா சங்குமுகம். அன்னிக்கு ஒண்ணு சொல்றது, இன்னிக்கு ஒண்ணு சொல்றதா?”

“அண்ணைக்கு எனட்ட யாரும் கேக்கல்ல சாரே.”

“கேக்காமலா இவர் எழுதினார்?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளே, இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் பேசுகிறேன். ஆனால் அன்று என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

“வழக்கமா அவன் சொல்லுததைத்தான் எழுதுவேன் சார்.”

வழக்கமாக. அந்த ஒரு சொல்லை முன்னால் போட்டுக்கொண்டதால் நான் பொய் சொல்லவில்லை என்று அப்போதே எனக்குள் சமாதானம் செய்துகொண்டேன். லாசர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தடுத்த இடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகவும் பொய் சொல்லி எழுதவைத்ததற்காகவும் வேலை நீக்கம் என்று அன்று மாலையே உத்தரவு எழுதப்பட்டது. நகல் எடுத்தவன் நான்.

தொட்டிகளைக் காலி செய்தோம். விருந்தாளிகள் வந்தார்கள், மீன்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், போனார்கள். சாமந்தி என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு அழுகை வந்தது.

அதன்பிறகுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. ஆராய்ச்சிக்கென்று நாற்பது ஸ்லக்கை எடுத்து வைத்திருந்தேன். எது ஆண், எது பெண் என்று பிரித்துவிட்டால் இதன் பெருக்கம் புரிந்துவிடும் என்று நினைத்தேன். பெரியது பெண், சிறியது ஆண் என்று இரண்டு ஜாடியாகப் பிரித்தேன். இரண்டு ஜாடியிலும் முட்டை. சரி, தலைகீழாகப் பிரித்துவிட்டேன் போல என்று கொம்பு நீண்டது, கொம்பு குட்டை என்று பிரித்தேன். இரண்டிலும் முட்டை. குஞ்சத்தின் நிறத்தை வைத்துப் பிரித்தேன். அதிலும் முட்டை. பத்து நாள் தூக்கமில்லாமல் பைத்தியக்காரன் மாதிரி அலைந்தேன். எல்லாமே பெண் என்றால் ஆண் எங்கே? ஒருநாள் காலையில் இரண்டு நத்தைகள் வலப்புறத்தோடு வலப்புறம் ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தேன். மறுநாள் இரண்டுமே சுருள் இட்டன. சூப்பிரண்டின் அலமாரியில் பக்கம்கூடப் பிரிக்காமல் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. கத்தியால் பக்கங்களைக் கீறிப் படித்தேன். ஒவ்வொரு நத்தையும் ஆணும்தான் பெண்ணும்தான் என்று அதில் ஒரே வரியில் போட்டிருந்தது.

தப்பித்தோம் என்று நினைத்தேன். இரண்டுமாக இருந்தால் என்ன, சேர இன்னொன்று வேண்டுமே. என் ஜாடியில் இருந்தது ஒன்றுதானே. வீட்டில் சாப்பிடும்போது என் மனைவியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். கோழி உதாரணத்தையும் சொன்னேன். அவள் கோழி வளர்க்கிறவள். குழம்பு ஊற்றுகிற கையை நிறுத்திவிட்டாள்.

“சேவலக் காட்டுப்பூனை கொண்டுபோன பொறவும் எட்டுப் பத்து நாளு கோழி இடுத முட்டை பொரிக்குமே. இதுகூடவா தெரியாது?”

“அதெப்படி?”

“எப்படிண்ணு எனக்கென்ன தெரியும்? பொரிக்கும். போன ஆவணியில நம்ம வீட்டுல பொரிச்சுது. நீங்கதான் குஞ்ச எண்ணினிய.”

பாதியில் கையைக் கழுவிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். சேர்ந்துகிடந்த இரண்டில் ஒன்றைத் தனி ஜாடியில் மாற்றினேன். ஒரு வாரத்தில் சுருள் இட்டது. இந்தத் தடவை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஓர் உயிர் சுழன்றுகொண்டிருந்தது. அடுத்த சுருளிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒரு தடவை சேர்ந்தால் போதும், வித்தைச் சேமித்து வைத்துக்கொண்டு தனியாகவே பல தடவை முட்டையிடும். என் ஒற்றை நத்தை கப்பல் கயிற்றில் வருவதற்கு முன்பே எங்கோ சேர்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. அதன் குஞ்சுகளை நானேதான் கையால் மணல் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன். ஆற்று மணல் எங்கே அவற்றைத் தடுக்கப்போகிறது?

ஆனால் உறுதியாகச் சொல்ல முடியுமா? ஆறாட்டுத் தண்ணீரிலும் வந்திருக்கலாமே. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளும் சரியாக வந்தது, இரண்டுக்கும் சரியாக வந்தது. சூப்பிரண்டிடம் போய் என் ஜாடியாகவும் இருக்கலாம் என்றேன்.

“இருக்கலாம்னு ஒரு ரிப்போர்ட் உண்டாங்காணும்? இதா அதா, ஒண்ணைச் சொல்லும். தெரிஞ்சுண்டு வாரும்.”

தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. வலியதுறைப் பாலத்தின் கால்களில் ஸ்லக் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் தண்ணீர்தான் காரணம். இல்லாவிட்டால் என் ஜாடி. இதைவிடச் சுத்தமான சோதனை உண்டா என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாளியும் சுரண்டியுமாகப் போனேன்.

கரையில் நாலைந்து பேர் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அதில் லாசரும் இருந்தார். இடது கையால் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார், வேகம் வரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். மச்சினனைத் தண்ணீரில் இறக்கிப் பாலத்துக் காலைச் சுரண்டி எடுத்துத் தந்தார். அவருக்கு எதிராகச் சாட்சி தேட வந்திருக்கிறேன் என்று தெரிந்தும் தந்தாரா, தெரியாமல் தந்தாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாளியில் ஏழு ஸ்லக். வெள்ளைச் சுருள்களும் இருந்தன.

எனக்கு உடம்பே லேசானது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த மனிதர் முன்னால் நின்றுகொண்டு நான் சந்தோஷப்பட்டேன். என் மேல் தப்பில்லை, பாலத்துத் தண்ணீர்தான், தீர்ந்தது விவகாரம்.

“இதெல்லாம் இப்ப வந்ததாக்கும் சாரே,” என்றார் லாசர். “உங்களுக்க புது வண்டிக்காரன் இங்கதான கொண்டு கொட்டினான். கல்லும் தொட்டித் தண்ணியுமா நாலு வண்டி. கடல்ல எடுத்தத கடல்லயே கொட்டணும்னு பெரிய சாரு சொன்னாருண்ணான். விருந்துகாரு வருததுக்கு மூணு நாளு முன்ன.”

அப்படியே மணலில் உட்கார்ந்தேன். தொட்டியைக் காலி செய்யச் சொன்னவர் சூப்பிரண்டு. கல்லை எடுத்துக் கொடுத்தவன் நான். கடலில் எந்த இடத்தில் கொட்டுவான் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. இந்த ஏழும் கப்பலில் வந்தவையா, எங்கள் தொட்டியில் பிறந்து இங்கே வந்தவையா? முன்பே பாலத்தில் இருந்ததா இல்லையா என்று இனி எந்த மகானும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க வந்த இடத்தை நாங்களே கெடுத்துவிட்டோம். அதோடு ஒரு வேண்டாத பிராணியை நாலு வண்டி நிறையக் கடலில் இறக்கிவிட்டோம். அடுத்த வருஷம் விழிஞ்ஞம் பாறைகளில் அதைப் பார்த்தேன். கோவளத்திலும் பார்த்தேன். கப்பல்கள் கொண்டுவந்தனவா, நாங்கள் கொண்டுவந்தோமா, தானாகப் போனதா? இப்போது அது ஏதோ ஆதிகாலத்திலிருந்தே இங்கே இருப்பது போல உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். படித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

லாசரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜாடி, சுருள், கோழி, மணல் தொட்டி ஒன்றையும் விடவில்லை. என் நத்தையாகவும் இருக்கலாம், ஆறாட்டுத் தண்ணீராகவும் இருக்கலாம், எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை லாசரே என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நத்தை எதுல வந்துதுண்ணு எனக்கு எதுக்கு சாரே? அது கடலுக்குத் தெரியும். என்ன நிறுத்தினது நத்தைக்கா? பொய் சொன்னேண்ணாக்கும் நிறுத்தினாவ. இந்தக் கரையில எனக்க பேரு இப்ப பொய்யனாக்கும். நான் பொய் சொல்லல்ல. அது உங்களுக்குத் தெரியும். அதுல உங்களுக்கு ஒரு கொழப்பமும் இல்லல்லா?”

நான் வாளிக்குள் பார்த்தேன்.

“இத எனட்ட வந்து சொல்லி என்ன? எனக்குத் தெரியும். தெரியாதவிய அங்க இருக்காவ.”

அதற்குப் பிறகு அவர் வலைக்குத் திரும்பிவிட்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தே ஊருக்கு வந்தேன். வழி முழுவதும் அவர் மேல் கோபமாக வந்தது. எவ்வளவு பெரிய விஞ்ஞானச் சிக்கலைச் சொல்கிறேன், இவர் ரிஜிஸ்டரைப் பற்றிப் பேசுகிறாரே என்று. மணக்காடு வருவதற்குள் கோபம் போய்விட்டது. நத்தையைப் பற்றிய என் குழப்பம் நிஜம். ஆனால் இத்தனை நாளாக நான் அந்தக் குழப்பத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஆணா பெண்ணா என்று ராப்பகலாகத் தேடியதெல்லாம் ரிஜிஸ்டரில் எழுதிய அந்த ஒரு வரியை நினைக்காமல் இருப்பதற்காகத்தான். தெரியாதது ஆயிரம் இருந்தது. தெரிந்தது ஒன்று இருந்தது. கேட்காமல் எழுதியவன் நான்.

திங்கட்கிழமை காலையில் எழுதிக் கொடுத்தேன். நத்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, இனித் தெரியவும் வழியில்லை என்று ஒரு பத்தி. ரிஜிஸ்டரில் இடத்தைக் கேட்காமல் எழுதினேன், விசாரணையின்போது அதை மறைத்தேன் என்று ஒரு பத்தி. சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“முதல் பத்தி இருக்கட்டும். ரெண்டாவதை எடுத்துடும். உம்ம சர்வீஸ் புஸ்தகத்துல ஏறினா அழியாது.”

“ரெண்டாவதுதான் சார் எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. “நானும்தான் உம்மை ரெண்டாந்தரம் கேட்டிருக்கணும்,” என்று மட்டும் சொன்னார். காகிதத்தை மேலே அனுப்பினார். என் சர்வீஸ் புத்தகத்தில் அது ஏறியது, இன்றும் இருக்கிறது. பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் லாசர் மச்சினனோடு கட்டுமரத்தில் போக ஆரம்பித்துவிட்டார் என்றும், இடது கையாலேயே துடுப்புப் போடுகிறார் என்றும், ஒருநாள் அலையில் தவறி விழுந்து இழுத்து ஏற்றினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அந்த ஒன்றரை மாதம் நான் தபால்காரனை எதிர்கொண்டு நிற்காத நாள் இல்லை.

உத்தரவு வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு நேரே வலியதுறைக்குப் போனேன். கட்டுமரம் அப்போதுதான் கரையேறியிருந்தது. லாசர் தொப்பலாக நனைந்து நின்றார். கரையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மலையாளத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். மேற்படி லாசரை மறுபடியும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இரண்டே வரி.

“நான் பொய் சொல்லல்லண்ணு எழுதியிருக்கா?”

காகிதத்தைப் பார்த்தேன். எழுதியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

“இல்ல,” என்றேன்.

“அப்ப நீங்க எழுதித் தாங்க.”

சட்டைப் பையில் பென்சில் இருந்தது. கட்டுமரத்தின் மேலேயே காகிதத்தைத் திருப்பி வைத்து எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். கொடுத்தபோது அவர் வாங்கவில்லை.

“வாயிச்சுச் சொல்லுங்க. இவிய எல்லாம் கேக்கட்டு.”

வாசித்தேன். “ஆறாட்டு நாளன்று தண்ணீர் எங்கே எடுத்தது என்று நான் லாசரிடம் கேட்கவில்லை. கேட்காமலே எழுதினேன். லாசர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.”

காற்றில் சத்தம் எட்டவில்லை போல. பின்னால் நின்ற ஒரு கிழவர் என்ன என்று கேட்டார். மறுபடியும் வாசித்தேன். மீன்கூடையோடு அப்போதுதான் வந்து சேர்ந்த லாசரின் மனைவி, “யாரு, என்னவாக்கும்?” என்று பதறிக் கேட்டாள். அவளுக்காக மூன்றாவது தடவை வாசிக்க ஆரம்பித்தேன். “லாசர் பொய் சொல்லவில்லை” என்ற இடம் வரை வந்தேன். அடுத்த வரிக்குப் போகாமல் நின்றுவிட்டேன்.

லாசர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு காகிதத்தை என்னிடமிருந்து வாங்கினார்.

“போதும் சாரே,” என்றார். “மீதிய நான் சொல்லிக்கிடுதேன்.”